மெஷின் மேல் நான் போட்ட பழி

1

இன்று காலை ஊரிலிருந்து அம்மா பேசினாள். கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, அப்பாவுக்கு முட்டிவலி, பக்கத்து வீட்டு எருமை கன்று போட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், அதே குரலில், "மகேசுக்கு ரண்டு தடவ ரத்தம் பட்டுருச்சு கண்ணு. வலி கிலி ஒண்ணும் இல்லியாமா" என்றாள்.

மகேஸ்வரி என் தங்கை. பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். முதல் பிரசவம். இப்போது ஏழாம் மாதம். கோவையில் அவளைப் பார்க்கும் டாக்டரம்மா உடனே ஸ்கேன் எடுத்து வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. சீட்டு பீரோவில் கிடக்கிறதாம்.

"ஏம்மா எடுக்கல?"

"அவ மாட்டேங்கறா. அமெரிக்காவுலயே மெசினு தப்பாச் சொல்லி, என்ற அக்கா வயித்துல ஊசி குத்தப் பாத்தாங்க, நான் போக மாட்டேன்னு ஒரே புடியா நிக்கறா. மாமியாக்காரியும், ஏழு மாசம் ஆயிப்போச்சு, இனிப் பையனா புள்ளையான்னு தெரிஞ்சு என்ன பண்றதுங்கறா. அவீகளுக்கு ஸ்கேனுன்னா அது ஒண்ணுதான்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்றது? நீ சொன்னதைத்தான் நானும் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன்."

நாளைச் சாயங்காலம் மகேசை அம்மா வீட்டுக்கு அழைத்து வருகிறார்களாம். "நீயே பேசிப்போடு சாமி" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள். ஊரில் நாளைச் சாயங்காலம் என்றால் இங்கே அமெரிக்காவில் நாளைக் காலை. அதுவரை அவளோடு பேச வழியில்லை. பல்லடத்தில் போன் பண்ணையில்தான் இருக்கிறது, எடுப்பது அவள் மாமனார். அவரிடம் சொல்லி அனுப்பும் விஷயமில்லை இது.

ஏழாம் மாதத்தில் வலியில்லாமல் ரத்தம் பட்டால் நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பையின் வாயை மறைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் சாதாரணப் பிரசவம் ஆகாது. அது தெரியாமல் உள்ளூரில் வலி எடுக்கும்வரை காத்திருந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். அப்படி இருக்கிறதா இல்லையா என்பதை ஸ்கேனில் சில நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சில நிமிஷத்துக்குத்தான் என் தங்கை மாட்டேன் என்கிறாள். காரணம் என் கதை.

அந்தக் கதை பொய். மெஷின் தப்பாகச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. காலையில் அம்மாவிடமே இதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, உட்கார முடியாமல் அடுக்களைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துவிட்டு, கடைசியில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இங்கிருந்து நான் பத்திரிகைக்கு எழுதும் குறிப்புகளை விடாமல் படிப்பவர்களுக்கு என்னைக் கொஞ்சம் தெரியும். பனியில் கார் வழுக்கியதை எழுதியிருக்கிறேன். ஓட்டுநர் உரிமம் வாங்க நான்கு வரிசையில் நின்றதை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசியில் நான்தான் ஜெயித்திருப்பேன். பழைய பிரதிகளை இன்று எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட நான் தப்புப் பண்ணியதாக எழுதவில்லை.

கருமத்தம்பட்டியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் காலெடுத்து வைத்தவள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். மின்சார வாரியத்து நோட்டீஸ், ரேஷன் கார்டு, ஒரம்பரை என்று நாங்கள் சொல்லும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் நான் படித்தால்தான் உண்டு. காலையில் தறி ஓட்டப் போகுமுன் அப்பா என்னைத் தினசரி காலண்டர் முன்னால் நிறுத்துவார். முந்தைய நாள் தாளைக் கிழித்துவிட்டு, "ஆவணி பன்னண்டு, செவ்வாக்கெழம" என்று உரக்கப் படிக்க வேண்டும். அதே தாளில் இங்கிலீஷ் தேதியும் இருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. கோவில் நோன்பு, கல்யாணப் பேச்சு, பசு சினைப்பட்ட நாள் எல்லாமே எங்கள் வீட்டில் தமிழ் மாதக் கணக்கு.

பிறகு கோவையில் கல்லூரி. கணக்கில் எம்.எஸ்ஸி. எங்கள் வீதியில் என் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு "கணக்குப் படிச்ச புள்ள" என்றே சொல்லத் தொடங்கினார்கள். பிடிக்காதது போல நடந்துகொண்டேன். ரொம்பப் பிடித்திருந்தது.

கல்யாணமாகி இந்த மிச்சிகன் குளிருக்கு வந்தபோது பெட்டியில் ஒரு தினசரி காலண்டரும் வந்தது. ஊரில் நூல் கடையில் கொடுத்தது. வருஷா வருஷம் யார் பெட்டியிலாவது ஒன்று வந்து சேரும். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு விசாவில் வேலைக்கு அனுமதி இல்லை. எம்.எஸ்ஸி. சான்றிதழ் பெட்டிக்குள் கிடந்தது. காலையில் அவர் போனபிறகு தாளைக் கிழித்துத் தேதி படிப்பது ஒன்றுதான் படித்தவள் என்ற முறையில் நான் செய்த வேலை. அதையும் பழக்கம் போல வாய்விட்டுத்தான் படிப்பேன். கேட்க ஆள் இல்லை.

3

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு டிசம்பர் கடைசியில், எனக்கு நாள் தள்ளிப்போனது உறுதியானது. முதலில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எந்த நாளிலிருந்து கணக்கு என்று கேட்டாள், சொன்னேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, "ஆவணிக்கு கைல புள்ள" என்றாள்.

ஜனவரியில் மருத்துவமனை. ஒன்பது பக்கப் படிவம். கடைசியாக மாதவிலக்கு ஆன முதல் நாள் எது என்று ஒரு கட்டம். நவம்பர் 4 என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. "நிச்சயமாகத் தெரியுமா, உத்தேசமா?" என்று பக்கத்தில் இன்னொரு கட்டம். நிச்சயம் என்பதில் அழுத்தமாக டிக் போட்டேன். நர்ஸ் ஒரு வட்ட அட்டையைத் திருப்பிப் பார்த்து, ஆகஸ்ட் 11 என்று பிரசவத் தேதி சொன்னாள். அன்று முதல் என் நவம்பர் 4 என்னைவிட வேகமாக ஓடியது. ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு, அங்கிருந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு, இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு. போகிற இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார். யாரும் என்னிடம் மறுபடி கேட்கவில்லை.

மார்ச் தொடக்கத்தில் ரத்தம் எடுத்தார்கள். குழந்தைக்குப் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் போன்றவை இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஊகிக்கும் பரிசோதனை அது. நோயைக் கண்டுபிடிப்பதல்ல, வாய்ப்பை மட்டும் சொல்வது. ரத்தத்தில் உள்ள சில பொருட்களின் அளவு வாரத்துக்கு வாரம் மாறும். எனவே கர்ப்பம் எத்தனை வாரம் என்பதை வைத்துத்தான் அந்த அளவு சரியா தப்பா என்று பார்ப்பார்கள். அடியில் இருக்கும் தேதி தப்பானால் மேலே வரும் முடிவும் தப்பு. இது எனக்கு அப்போது தெரியாது என்று சொல்ல முடியாது. கொடுத்த துண்டுத்தாளில் அச்சடித்திருந்தது. படித்தேன். என் தேதிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து நர்ஸ் போன் செய்தாள். பயப்படாதீர்கள் என்று தொடங்கினாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பயந்தேன். முடிவு எதிர்பார்த்ததைவிட அதிகம், விரிவான ஸ்கேன் ஒன்று எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு வயிற்றில் ஊசி வழியாகப் பனிக்குடத்து நீர் எடுத்துப் பார்ப்பது பற்றிப் பேசலாம் என்றாள்.

4

ஸ்கேன் அறை இருட்டாக இருக்கும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் வரச் சொல்வார்கள். ஆரம்ப மாதங்களில் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குழந்தை தெளிவாகத் தெரியும் என்பதற்காக. நான் சொன்னதற்கு மேல் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனேன். எதிலும் முழு மார்க் வாங்கியே பழக்கம். படுக்கையில் ஏறுவதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

படம் எடுத்தவள் நடுவயதுப் பெண். வயிற்றில் பசை போல ஒன்றைத் தடவி, கைப்பிடி ஒன்றை வைத்து மெல்ல அழுத்தி நகர்த்தினாள். வலிக்கவில்லை. எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு எதுவும் இதில் இல்லை. காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படம் வரைகிறது. திரையில் முதலில் சாம்பல் புழுதிதான் தெரிந்தது. பிறகு அதற்குள் ஒன்று துடித்தது. என் கணவர் முருகேசன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார்.

"ஏனுங்க, உக்காருங்க" என்றேன்.

"அது கையிங்களா?" என்று அவர் அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே கேட்டுவிட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. தலைக்குக் குறுக்கே ஒரு கோடு, தொடை எலும்புக்கு ஒரு கோடு, வயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் என்று அளந்துகொண்டே போனாள். அளந்ததையே மறுபடி அளந்தாள். பேசவேயில்லை. அந்த மௌனத்தில் என்னென்னவோ நினைத்தேன். அளப்பவர்கள் அளக்க மட்டும்தான் வேண்டும், முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது இங்கே விதி என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. அவள் மௌனத்துக்கு வேறு அர்த்தமே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்குப் பாதி பயம் குறையும்.

5

டாக்டர் வந்தார். வெள்ளைக்கார அம்மாள். மூளை, இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் என்று பார்க்க முடிந்தவரை கோளாறு எதுவும் தெரியவில்லை, குழந்தை இன்னும் சின்னது என்பதால் எல்லாம் தெளிவாகத் தெரியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் தேதிப்படி குழந்தை இருக்க வேண்டிய அளவைவிட இரண்டு வாரம் சின்னதாக இருக்கிறது. தலை, எலும்பு எல்லாம் ஒன்றுபோல இரண்டு வாரம் குறைவு. இந்த மாதத்தில் ஸ்கேன் கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும். உங்கள் தேதி சரிதானா?"

"சரி" என்றேன்.

"சில சமயம் மறந்துவிடும். எங்காவது குறித்து வைத்திருக்கிறீர்களா?"

"குறித்து வைக்க அவசியமில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் கணக்கில் முதுகலைப் பட்டம் பெற்றவள்."

அந்த அம்மாள் கேலியாகப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால்கூட நல்லது. கோபத்தில் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்திருப்பேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். "ஸ்கேன் தேதியை எடுத்துக்கொண்டால் ரத்தப் பரிசோதனையின் முடிவே மாறிவிடும். உங்கள் தேதி நிச்சயம் என்றால், அந்த முடிவு நிற்கிறது. குழந்தையின் வளர்ச்சியும் கவலைதான். ஊசி போட்டுப் பார்த்துவிடலாம். அதில் கரு கலைவதற்குச் சின்ன அளவில் வாய்ப்பு இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள்."

காரில் ஏறியதும் முருகேசன், "இன்னொருக்கா யோசிச்சுப் பாக்கலாமா புள்ள? தேதிய" என்றார்.

"உங்களுக்கு என்ற மேல நம்பிக்கை இல்லீங்களா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். மறுநாள் நானே போன் செய்து சம்மதம் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஊசி.

அந்த நாட்களில் நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். பனியில் பேருந்து நிறுத்தம்வரை நடந்து போய் ஏறாமல் திரும்பி வந்தேன். தேதி தப்பாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். என் குழந்தை நன்றாக இருக்க நான் தப்பாக இருந்தால் போதும். அதை ஒரு நிமிஷம்கூட நான் ஆசைப்படவில்லை. இதை எழுத எனக்கு இப்போதும் கூசுகிறது.

6

புதன்கிழமை காலை அம்மா பேசினாள். ஊசி விஷயம் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் அதைப் பேச விரும்பவில்லை, வளையலைப் பற்றிப் பேசினாள். வைகாசியில் ஊர்க்காரர் ஒருவர் இந்தப் பக்கம் வருகிறாராம், அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டுமாம்.

"கட்டுச்சோறு ஆக்கி எடுத்துட்டு வந்து நாலு சனத்தக் கூட்டி விருந்து வெக்க முடியாத தூரத்துக்குப் போயிட்ட. வளையலாச்சும் ஏழாம் மாசத்துல உன்ற கைக்கு வரோணும். வைகாசி செரியா வந்துரும்."

"வராதும்மா. வைகாசி பாதியிலயே ஏழு முடிஞ்சு எட்டு ஆரம்பிச்சுரும்."

"எப்பிடி முடியும்? நாளான்னிக்குப் பங்குனி நாலு வந்தாத்தான உனக்கு நாலு மாசமே முழுசாகுது."

"நாலரை ஆச்சு. எம்.எஸ்ஸி. படிச்சவளுக்குக் கணக்குச் சொல்லித் தர்றயா?"

"நீ படிச்சவதான், இல்லீன்னு யாரு சொன்னா. வெரலு எனக்கும் பத்து இருக்குது" என்றாள் அம்மா. அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "கார்த்திகை நாலுன்னு நீதான சொன்ன."

போனை வைத்துவிட்டு, அவள் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகத்தான் காலண்டர் முன் போய் நின்றேன். அன்றைய தாள் தொங்கியது. மார்ச் 15. அதன் கீழே, பங்குனி 2. ஒரே தாளில் இரண்டு எண்கள், பதினைந்தும் இரண்டும்.

நவம்பரில் அந்த நாளன்று காலையில் வாய்விட்டுப் படித்தது கார்த்திகை நாலு. மனசில் தங்கியது நாலு. அம்மாவிடம் சொன்னதும் நாலு. மருத்துவமனையில் படிவத்தைப் பார்த்ததும், கார்த்திகை என்றால் நவம்பர் என்று மாதத்தை மட்டும் மாற்றிவிட்டு, எண்ணை அப்படியே எழுதியிருக்கிறேன். கார்த்திகை நாலு என்றால் நவம்பர் பத்தொன்பது. பதினைந்து நாள் வித்தியாசம். இரண்டு வாரம். அந்தத் திரையில் தெரிந்த எலும்பும் தலையும் அதைத்தான் ஒரே குரலில் சொல்லியிருக்கின்றன. அறையில் இருந்தவர்களில் நான் மட்டும்தான் கேட்கவில்லை.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். "இது அடிக்கடி நடப்பதுதான்" என்றாள் நர்ஸ். புதிய தேதியைப் போட்டுக் கணக்குப் பார்த்து, மத்தியானம் டாக்டரே கூப்பிட்டார். ரத்தப் பரிசோதனையின் முடிவு என் வயதுப் பெண்களுக்கு இருப்பதுபோலத்தான் இருக்கிறது, ஊசி அவசியமில்லை, வெள்ளிக்கிழமை வர வேண்டாம்.

7

சாயங்காலம் முருகேசன் வந்து ஷூவைக் கழற்றும்போதே சொன்னேன். "ஊசி வேண்டாம்னுட்டாங்க. தேதி தப்பாப் போட்டுருந்தாங்களாமா."

"யாரு?"

"அந்த நர்ஸுதான். சக்கரத்தத் தப்பாத் திருப்பிப்போட்டா."

நான் டாக்டரிடம் நவம்பர் நாலு என்று அடித்துச் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். கழற்றிய ஷூவை ஓரமாக வைத்தார். "செரி" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

அம்மாவிடம் சொல்லும்போது நர்ஸ் மெஷினாகிவிட்டாள். அம்மாவுக்கு அது புரிகிற பதில். அன்றே மாரியம்மன் கோவிலுக்கு எண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். பிறகு நான் தபாலில் அனுப்பிய ஸ்கேன் படத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, "தலை எது காலு எதுன்னு தெரியுதா பாருங்க, மழை மேகமாட்ட இருக்குது. இதப் பாத்துத்தான் என்ற புள்ளைக்கு ஊசி போடப் பாத்தானுங்க" என்பாளாம். மகேசு இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து எனக்கு எழுதினாள். நானும் சிரித்தேன். ஆகஸ்ட் கடைசியில் பெண் பிறந்தாள், ஸ்கேன் சொன்ன வாரத்தில். கதை இன்னும் பலமானது.

இப்போது அவளுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். எண் சொல்லித்தரும்போது மட்டும் நாலு, அஞ்சு என்று திருப்பிச் சொல்லுவாள். அவளிடம் எந்த எண்ணையும் அடித்துச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

8

மகேசுக்குச் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். போனில் பதற்றத்தில் விட்டுப்போய்விடும். சீட்டைப் பீரோவில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயும் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மாட்டிக்கொண்டு கற்றவள்.

ஸ்கேன் எதற்காக என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மூன்றாம் மாதத்தில் எடுப்பது வாரக் கணக்குக்கும், ஒரு கருவா இரண்டா என்று பார்ப்பதற்கும். ஐந்தாம் மாதத்தில் உறுப்புகளைப் பார்க்கிறார்கள். கடைசி மாதங்களில் வளர்ச்சி, தண்ணீர், நஞ்சுக்கொடி இருக்கும் இடம். எதற்கென்று தெரிந்தால் முடிவு வந்ததும் என்ன கேட்க வேண்டும் என்றும் தெரியும். தேதியைத் தமிழில் ஞாபகம் வைத்திருந்தால் காலண்டரைக் கையோடு எடுத்துப் போங்கள், உங்கள் தலையை நம்பாதீர்கள். ஸ்கேன் வாரமும் உங்கள் வாரமும் ஒத்துப்போகவில்லை என்றால் சண்டைக்கு நிற்காதீர்கள். சீக்கிரம் எடுத்த ஸ்கேனின் வாரக் கணக்குதான் அதிகம் நம்பத்தக்கது. மாதம் ஏற ஏற அந்தத் துல்லியம் குறையும். எனவே முதலில் எடுத்த அறிக்கையைத் தொலைக்க வேண்டாம்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஸ்கேன் சொன்னால், பார்க்க முடிந்தவரை நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். எல்லாக் கோளாறும் அதில் தெரியாது. சந்தேகம் என்று சொன்னாலும் அது முடிவல்ல. அடுத்த பரிசோதனைக்குத் தலையாட்டுமுன், அதனால் என்ன தெரியும், என்ன ஆபத்து, தெரிந்தால் நாம் என்ன செய்யப்போகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் மெதுவாக ஒன்று சொன்னால் காது கொடுங்கள்.

பையனா பெண்ணா என்று கேட்காதீர்கள். சொல்லக் கூடாது என்று நம் நாட்டில் சட்டமே வந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ள மட்டும்தான் ஸ்கேன் என்று நினைக்கும் மாமியார்களிடம், மருமகளின் உயிருக்காகவும் அதே மெஷின்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். ரத்தம் பட்டால் எந்த மாதமானாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம். உள்பரிசோதனைக்கு முன் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று பார்த்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இதையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டேன். எழுதுவது சுலபம். இதில் ஒரு வரிகூட நான் தப்புப் பண்ணினேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் மகேசு கேட்க மாட்டாள்.

9

மறுநாள், சனிக்கிழமை காலை எட்டு மணி. முருகேசன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஊருக்குப் போன் போட்டேன். மகேசுதான் எடுத்தாள். பின்னால் தறி ஓடும் சத்தம்.

"ஏனக்கா, என்னைத் திட்டறதுக்குத்தான கூப்புட்ட?"

"இல்ல. இப்ப எப்பிடி இருக்குது?"

"நேத்துல இருந்து ஒண்ணுமில்ல. எனக்கொண்ணும் ஆகாது. நீ அந்த மெசினப் பத்தி மட்டும் பேசாத."

"அதைப் பத்தித்தான் பேசோணும்" என்றேன். எழுதி வைத்த காகிதம் கையில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. படிவத்தில் எழுதியது, டாக்டர் இரண்டு தடவை கேட்டது, எம்.எஸ்ஸி. என்று சொன்னது, பங்குனி இரண்டு என்ற தாள், எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் மேலும் மெஷின் மேலும் பழி போட்டதையும் சொன்னேன். "மெசினு சொன்னதக் கேக்காம, வெள்ளிக்கெழம நானே போய்ப் படுக்க இருந்தேன் மகேசு. ஒண்ணுமில்லாத புள்ளைக்கு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றுவது கேட்டது.

"அப்ப நீ கணக்குல பெயிலு" என்றாள்.

"பெயிலுதான்."

"ஒம்பதாவதுல எனக்குக் கணக்குல மார்க்கு கொறஞ்சுதுன்னு ஊட்டுச் செவுத்தப் பாத்து நிக்க வெச்சயே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

சிரிக்கத் தொடங்கினாள். வயிறு குலுங்கச் சிரிப்பது கேட்டது. "மெதுவா சிரி" என்றேன். அவள் சிரித்து முடியும்வரை காத்திருந்து, நஞ்சுக்கொடியைப் பற்றிச் சொன்னேன். ஏன் வலிக்காமல் ரத்தம் படுகிறது, அது எதுவாக இருக்கலாம், ஏன் உள்ளூரில் பிரசவம் பார்க்கக் கூடாமல் போகலாம் என்று ஒவ்வொன்றாக. சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்குப் பயமா இருக்குதுக்கா."

"எனக்கும்தான். பாத்தாத்தான் தெரியும். இருந்தா முன்னயே பெரிய ஆஸ்பத்திரியில சேத்திக்குவாங்க. இல்லீன்னா நிம்மதி. ரெண்டுல ஒண்ணு."

"திங்கக்கெழம மொதோ பஸ்ஸுக்குப் போறேன். என்ற ஊட்டுக்காரரையும் வரச் சொல்றேன்."

"அதுக்குள்ள மறுபடி பட்டுதுன்னா திங்கக்கெழமைன்னு உக்காந்திருக்காத. அப்பவே வண்டி வெச்சுப் போயிரோணும்."

"போறேன், போறேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. அம்மாளுக்கு நான் சொல்ல மாட்டேன். மூணு வருசமா அமெரிக்காக்காரனத் திட்டிட்டுத் திரியுது. எங்கூட வர்றதே, அந்த மெசினுக்காரன நாலு கேள்வி கேக்கறதுக்குத்தானாமா. இந்தா, பக்கத்துலயே நிக்குது."

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"என்ன கண்ணு, ரண்டு பேரும் சிரிச்சுட்டுக் கெடந்தீங்க?" என்றாள் அம்மா. "போறேங்கறாளா? அந்த மெசினு மறுக்கா தப்பாச் சொல்லீருச்சுன்னா?"

"அன்னிக்கு அது சரியாத்தாம்மா சொல்லுச்சு."

"அப்பறம் யாரு தப்பாச் சொன்னது?"

"நான்தாம்மா" என்றேன்.